என் பங்குக்கு வந்த நூற்றுப் பன்னிரண்டு பேர்

ரெனிஸைக் கனவான்களின் ஆட்டம் என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். ஆட்டத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சொல்லைத்தான் பொறுக்க முடிவதில்லை. எட்டுக் கனவான்களோடு, பன் ஓடிவரும் ஒரே பெல்ற்றின் இரு பக்கமும் நின்று ஹம்பேர்கர் பன் பொதி செய்தவள் நான். அவர்களுடைய கனவான்தனம் எவ்வளவு தூரம் போகும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்த ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். கோடை வந்தால் ரொறன்ரோ முழுவதும் வீட்டுக்குப் பின்னால் அடுப்பு வைத்து இறைச்சி வாட்டத் தொடங்கிவிடும். அவர்களுக்குக் கொண்டாட்டம், எங்களுக்கு முதுகு முறியும். அதனால் கோடையில் ஒரு பெல்ற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் லீவில் போகலாம் என்று வைத்திருந்தார்கள். எங்கள் பெல்ற்றில் ஒன்பது பேர், ஒன்பது பேரும் தமிழர். எட்டு ஆண்களும் நானும்.

ஆளாளுக்கு வேறு வேறு கிழமை கேட்டிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் ஆடி மாதத்தில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைக்கமாட்டார்கள். ஆவணி பிறக்கும்வரை அடக்கிவைத்திருந்த கலியாணம் எல்லாம் ஒகஸ்ட் மாதத்தின் கடைசி இரண்டு கிழமைக்குள், பதினான்கு நாளுக்குள், வந்து விழும். எல்லாருக்கும் அந்த இரண்டு கிழமைதான் வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு போர்த்துக்கீசப் பெண்மணி. யூலையில் நல்ல வெயில் அடிக்கும்போது ஒருவரும் லீவு கேட்காமல் ஒகஸ்ட் கடைசிக்கு ஏன் இப்படி அடிபடுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவே இல்லை. இரண்டு வருடம் சண்டையைப் பார்த்துக் களைத்துப்போய், நீங்களே பேசித் தீர்த்து யூன் நடுப்பகுதிக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்று கையைக் கழுவிவிட்டார்.

அங்கேதான் கிளப் அண்ணை வந்தார். அவர் அந்த எட்டு ஆண்களில் மூத்தவர். ஊரில் வங்கியில் அதிகாரியாக இருந்தவர், பட்டணத்து ரெனிஸ் கிளப்பில் வெள்ளைக் காற்சட்டை போட்டு விளையாடியவர். பன் பொதி செய்யும்போதும் அந்தக் கிளப்பைப் பற்றித்தான் கதை. எந்த டாக்குத்தர் எப்படி அடிப்பார், எந்த நீதவானின் கை எப்படித் திரும்பும் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. பேர் எழுதிக் குலுக்கி எடுப்போம் என்று ஒருவர் சொன்னபோது அண்ணை அதைக் கேவலமாகப் பார்த்தார். படித்த ஆட்கள் குலுக்கல் போடுவதா என்றார். பாரிஸில் யூன் தொடக்கத்தில் முடிகிற பெரிய ரெனிஸ் போட்டியை வைத்துத் தீர்ப்போம் என்றார். ஆட்டக்காரரை ஆளாளுக்குப் பிரித்துக்கொள்வது, யாருடைய ஆள் வெல்கிறானோ அவர் தன் லீவுக் கிழமையை முதலில் தெரிவுசெய்வது. காசு இல்லை, சூதும் இல்லை, கனவான்களுக்கு உரிய முறை என்று விளக்கமும் சொன்னார்.

அந்தப் போட்டியில் விளையாடுகிறவர்கள் நூற்றிருபத்தெட்டுப் பேர். அதில் கெட்டிக்காரர் என்று பதினாறு பேருக்கு மட்டும் இலக்கம் போட்டு மேலே வைப்பார்கள். எட்டு ஆண்களும் ஆளுக்கு இரண்டு இலக்கமாகப் பதினாறையும் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவருக்கு முதலாமவனும் பதினாறாமவனும், அடுத்தவருக்கு இரண்டாமவனும் பதினைந்தாமவனும், இப்படியே. நியாயமான ஏற்பாடு என்று தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது அக்கறை இருக்கவில்லை, கொட்டும் மழையில் ஏப்ரலில் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். முதல் வருடம் இலக்கக்காரன் ஒருவன்தான் வென்றான். அடுத்த வருடமும் அப்படியே.

மூன்றாம் வருடம் எனக்கு அந்த இரண்டு கிழமை வேண்டியிருந்தது.

நானும் தங்கையும் ஒரே நாளில் கொழும்பிலிருந்து அகதியாகப் புறப்பட்டவர்கள். காசு வாங்கி எங்களை வெளிநாட்டுக்கு ஏற்றிய முகவர் அவளைப் பாரிஸில் விட்டார், என்னைக் கனடாவுக்கு அனுப்பினார். அன்றையிலிருந்து நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அம்மாவும் அப்பாவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுக்க நான் விண்ணப்பம் போட்டிருந்தேன், அவர்களால் பாரிஸ் போக வழியில்லை. தங்கைக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வேலை செய்த உணவகத்தை ஒகஸ்டில்தான் பூட்டுவார்கள், ஐயர் பார்த்துக் குறித்த நாளும் ஒகஸ்ட் கடைசியில் வந்தது. எனக்கும் கணவருக்கும் பயணம் செய்யும் பத்திரம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. பெண்ணின் கையைப் பிடித்துத் தாரைவார்த்துக் கொடுக்க ஒரு தம்பதி வேண்டும். எங்கள் பக்கத்தில் உலகத்தில் அதற்கு இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். கணவர் டாக்ஸி ஓடியவர், நினைத்த நேரம் புறப்படக்கூடியவர். என் பன்தான் இடையில் நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் கிளப் அண்ணையிடம் போய் நேரேயே கேட்டேன்.

"அண்ணை, தங்கச்சிக்குக் கலியாணம். தாரைவாக்கிறது நாங்கள்தான். இந்த முறை மட்டும் ஒகஸ்ட் கடைசியை எனக்குத் தாங்கோ."

"நல்ல விசயம் பிள்ளை. ஆனா உது நான் குடுக்கிறதில்லை. போட்டியிலை தீருறது."

"அப்ப என்னையும் போட்டியிலை சேருங்கோ."

"பதினாறும் முடிஞ்சுதே," என்றார் அண்ணை. பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஒண்டு செய்யலாம். மிச்சம் கிடக்கிற ஆக்கள் முழுப்பேரையும் நீர் எடும். அவையளிலை ஆர் வெண்டாலும் கிழமை உமக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவருக்குச் சோறு புரைக்கேறியது. நானும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரிப்பு எனக்குச் சுட்டதுதான், ஆனால் பெல்ற்றுக்குத் திரும்பி நடக்கும்போதே மனம் கணக்குப் போட்டுவிட்டது. அவர்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பதினாறு ஆட்டக்காரர். எனக்கு ஒருத்திக்கு நூற்றுப் பன்னிரண்டு. வங்கியில் இருந்த மனிதருக்கு இந்தக் கழித்தல் வரவில்லை. வராமல் என்ன, மேலே வைத்தவன்தான் மேலே வருவான் என்று அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. ஊரில் அவருடைய கிளப் வாசலில் அப்படித்தானே ஆட்களைத் தரம் பிரித்தார்கள். என் அப்பாவைப் போன்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

போட்டி தொடங்கியது. முதல் நாட்களில் என் ஆட்கள் கொத்துக் கொத்தாகத் தோற்றார்கள். தோற்பார்கள்தானே, பாதிப் பேர் தங்களுக்குள்ளேயே மோதினார்கள். வேலைக்குப் போனதும் வரவேற்பு இதுதான்.

"பிள்ளை, உம்மடை ஆக்கள் நேற்றும் பத்துப்பேர் தோத்துப் போட்டினம்."

"உம்மடை ஆள் ஒண்டு அழுதுகொண்டு போச்சுது, ரிவியிலை பாத்தனீரே?"

ஒவ்வொரு தோல்வியையும் என் கணக்கில் எழுதினார்கள். நானும் விடவில்லை. சமைத்துக்கொண்டே ரிவி பார்த்து விதிகளைப் படித்தேன். பதினைந்து, முப்பது, பிறகு ஏன் நாற்பது என்று கணவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இரண்டாம் கிழமைக்குள் அவருடைய டாக்ஸியில் ஏறுகிறவர்களுக்கு அவர் ரெனிஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

பிறகு காற்று மாறியது. கிளப் அண்ணையின் முதலாம் இலக்கம் பாதி வழியிலேயே போனான். களிமண் தரை அவனுக்குச் சரிவராது என்றார் அண்ணை. அடுத்தது இன்னொருவருடைய இரண்டாம் இலக்கம். அவனுக்கு வெயில் ஒத்துவரவில்லையாம். ஒவ்வொருவனாகப் போகப் போக ஒவ்வொரு காரணம் வந்தது, வயிற்றுக்குத்து, தோள்பட்டை, நடுவரின் கண். கெட்டிக்காரன் தோற்றால் உடம்பு சரியில்லை, என் ஆள் தோற்றால் அவனுடைய தரம் அவ்வளவுதான். அரையிறுதிக்கு நாலு பேர் வந்தார்கள். அந்த நாலில் மூன்று பேர் என் ஆட்கள். அன்றைக்கு முழு பெல்ற்றிலும் பன்னின் விலையைப் பற்றித்தான் கதை நடந்தது.

மிஞ்சிய நாலாமவன் அண்ணையின் பதினாறாம் இலக்கம். முன்னமே இரண்டு தரம் அந்தக் கோப்பையை வென்றவன். அவன் இறுதிக்கு வந்தான். என் பக்கத்திலிருந்து வந்தவன் தென்னமெரிக்காவைச் சேர்ந்த ஒல்லிப் பொடியன், சுருட்டை முடி, நீலமும் மஞ்சளுமாக உடுப்பு. வந்த வழியில் அவனும் பழைய வெற்றிவீரர்களை வீழ்த்தியிருந்தான். அவன் பெயரை எனக்குச் சரியாக உச்சரிக்க வரவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாளில் அவன் எனக்குச் சொந்தக்காரனாகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இறுதியாட்டம். எல்லாரும் அண்ணை வீட்டில்தான் பார்க்கவேண்டும் என்று முடிவு. நானும் போனேன். வரவேற்பறை சோபாக்களில் எட்டுப் பேரும் நிறைந்திருந்தார்கள், ஒருவரும் நகரவில்லை. நான் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு ரிவிக்கு முன்னால் இருந்தேன். அண்ணையின் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிடவில்லை, ரோல்ஸும் தேத்தண்ணியும் என் கையில் கொண்டுவந்து தந்தார். அதற்காக அந்த அக்காவை இன்றைக்கும் நினைப்பேன்.

ஆட்டம் இரண்டு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. பொடியன் மூன்று செற்றையும் நேராக வென்றான். கடைசிப் பந்து விழுந்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ரிவியில் அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அந்தப் பட்டணத்தில் ஏதோ ஒரு மூலையில் என் தங்கை கோப்பை கழுவிக்கொண்டு நின்றிருப்பாள், அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. பின்னேரம் ரெலிபோன் எடுத்துச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

அண்ணை எழும்பிப் போய் ரிவியை நிறுத்தினார். பரிசு கொடுப்பதைக்கூடப் பார்க்க விடவில்லை.

"நல்ல ஆட்டம்," என்றார். "ஆனா பிள்ளை, உது எண்ணேலாது."

"எது அண்ணை?"

"பந்தயம் எண்டால் ஆளைச் சொல்லவேணும். நீர் ஒருத்தரையும் சொல்லேல்லையே. மிச்சம் எண்டது ஒரு ஆள் இல்லை."

"நீங்கள்தானே மிச்சத்தைத் தந்தனீங்கள்."

"அது பகிடிக்குத் தந்தது. சும்மா நீரும் சேர்ந்திருக்கட்டும் எண்டு."

நான் மற்ற ஏழு பேரையும் பார்த்தேன். ஒருவர் தன் காலுறையைப் பார்த்தார். இன்னொருவர் ரோல்ஸில் நல்ல உறைப்பு என்றார். சுழன்று சுழன்று பார்த்தும் ஒரு முகம் எனக்கு நேரே வரவில்லை.

"அண்ணை, பத்துப்பேர் தோக்கேக்கை உம்மடை ஆக்கள் உம்மடை ஆக்கள் எண்டு சொன்னனீங்கள். தோக்கேக்கை என்ரை ஆக்கள். வெல்லேக்கை மட்டும் ஆரின்ரை ஆள் அவன்?"

"கனக்கக் கதைக்கிறீர் பிள்ளை. ரெனிஸிலை ஒரு முறை இருக்கு. இறுதிக்கு வந்த இலக்கக்காரன் என்னுடையவன். அப்ப முதல் தெரிவு எனக்குத்தான் வரும். எண்டாலும் கலியாணம் எண்டபடியால், உமக்கு ஒருநாள் ரெண்டுநாள் விட்டுத்தாறதைப் பற்றி யோசிப்பம்."

ஒருநாள் இரண்டுநாள். பாரிஸ் என்ன மோர்னிங்சைட்டா, பஸ் எடுத்துப் போய்த் தாரைவார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வர?

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளைதானே வெண்டது," என்றார் சமையலறை வாசலில் நின்ற அக்கா.

"உனக்கு உது விளங்காது, நீ உள்ளை போ," என்றார் அண்ணை. அக்கா போனார். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அவருக்கு அந்த இரண்டு கிழமை எதற்கு என்று பிறகு தெரியவந்தது. லண்டனிலிருந்து மைத்துனர் வருகிறாராம், நயாகரா காட்டவேண்டுமாம். நயாகரா யூலையிலும் விழுகிறது, ஒக்டோபரிலும் விழுகிறது. அதற்கு முகூர்த்தம் பார்க்கத் தேவையில்லை.

மற்ற ஏழு பேரையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டேன். எல்லாரும் நல்லவர்கள். என் பக்கம்தான் நியாயம் என்று ஒவ்வொருவரும் காதோடு காதாகச் சொன்னார்கள். அதை அண்ணைக்கு முன்னால் சொல்லுங்கள் என்றால், ஏன் வீணாக அந்த மனிதரோடு கொழுவிச் சண்டை பிடிக்கவேண்டும் என்றார்கள். அந்த மேற்பார்வையாளரிடமும் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் ரெனிஸ், கலியாணம், நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு தலையில் கைவைத்தார். உங்கள் ஆட்களே தீர்த்துக்கொண்ட விசயம், அதில் என்னை இழுக்காதே என்றார். லீவு தராமல் நான் புறப்பட்டுப் போனால் வேலை போகும் என்பதையும் மறக்காமல் சொன்னார். வேலை போனால் அம்மா அப்பாவின் விண்ணப்பமும் போகும், ஏனென்றால் என் வேலையைக் காட்டித்தான் அவர்களைக் கூப்பிட்டிருந்தேன். என்னை இரண்டு பக்கமும் கட்டித்தான் போட்டிருந்தார்கள்.

தங்கைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"வர ஏலாதடி," என்றேன்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பரவாயில்லை அக்கா. ஆரையாவது கேட்டு நிப்பாட்டுவம்," என்றாள்.

கலியாண வீடியோ கசெற் செப்ரெம்பரில் வந்தது. தாரைவார்த்தவர்கள் அவள் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரரும் மனைவியும். அந்த மனிதர் என் தங்கையின் கையைப் பிடித்திருந்தார். மனைவி செம்பைச் சரித்து வைத்துக்கொண்டு, எப்போது ஊற்றவேண்டும் என்று வீடியோக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, கேட்டதும் வந்து நின்ற நல்ல மனிதர்கள். ஆனால் அவர்களுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. தங்கை தலையைக் குனிந்து அழும் இடத்தில் கணவர் ரிவியை நிறுத்திவிட்டார், நான் திரும்பப் போடச் சொன்னேன். முழுவதையும் பார்த்தேன். பார்த்து முடிந்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்தான்.

அந்த ஆத்திரத்தோடு அடுத்த வருடம்வரை பன் பொதி செய்தேன். மே மாதம் மறுபடியும் பாரிஸ் போட்டி நெருங்கியது. சாப்பாட்டு அறையில் கிளப் அண்ணை என்னிடம் வந்தார், முகம் நிறையச் சிரிப்பு.

"பிள்ளை, இந்த முறை உமக்கும் ரெண்டு இலக்கக்காரரைத் தாறம். போன முறை நீர் மனவருத்தப்பட்டனீர். என்னுடைய ரெண்டையும் நீர் எடும்."

"அப்ப நீங்கள்?"

"நான் மிச்சத்தை எடுக்கிறன்," என்றார் ஒன்றும் நடக்காதது போல. "இந்த முறை அதையும் எண்ணுவம். எல்லாரும் ஒத்துக்கொண்டாச்சு."

கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். மூடுகிற சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லது அண்ணை. ஆனா ஆளைச் சொல்லவேணும். நீங்கள்தானே சொன்னனீங்கள். நூற்றுப் பன்னிரண்டு பேரையும் பேர் பேராச் சொல்லுங்கோ, பிறகு எடுங்கோ."

அண்ணை சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எழும்பவும் இல்லை. அவர் போன வருடத்துப் பொடியனின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். அவனுக்கு இப்போது இலக்கம் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் திருத்தினார். வேறு நாலு பேரைச் சொன்னார். ஐந்தாவதை யோசித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். முந்தின வருடம் ரோல்ஸின் உறைப்பைப் பற்றிச் சொன்னவர்தான். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களுக்கு அந்தத் துணிவு வந்தது. அது வர நான் வாயைத் திறக்கவேண்டியிருந்தது.

அந்த முறை பந்தயம் நடக்கவில்லை. எட்டுப் பேரும் கூடிக் கதைத்து, ஒகஸ்ட் கடைசி இரண்டு கிழமையும் எனக்கே தருவதென்று தீர்மானித்தார்கள். பெரிய தர்மம் செய்த திருப்தி அவர்கள் முகத்தில் தெரிந்தது. செய்தி சொல்ல கிளப் அண்ணையே பெல்ற்றின் என் பக்கத்துக்கு வந்தார்.

"இந்த முறை உமக்குத்தான் பிள்ளை. சந்தோசமாப் போட்டு வாரும்."

"எங்கை போறது அண்ணை?" என்றேன். "எனக்கு ஒரே ஒரு தங்கச்சிதான். அவளுக்குக் கலியாணம் முடிஞ்சுது."